ரோஸ் ஹில்லில் வாங்கிய மின்தேக்கிப் பெட்டி: பெட்டி நல்லது, தாள் மோசம்

நேராகவே சொல்லிவிடுகிறேன். வீட்டில் எச்.எஸ்.சி. இயற்பியல் படிக்கிற பிள்ளை இருந்தால் இந்த மின்தேக்கிப் பெட்டியைத் தாராளமாக வாங்கலாம் (மின்தேக்கி என்பது மின்னூட்டத்தைச் சேர்த்து வைக்கிற சின்னப் பாகம்). ஆனால் உள்ளே மடித்து வைத்திருக்கிற வழிகாட்டித் தாளை எடுத்துத் தனியே வைத்துவிடுங்கள். ஏன் என்பதற்குத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். பெட்டியின் மேல் கம்பெனிப் பெயர் எதுவும் இல்லை, "மின்தேக்கிச் சோதனைத் தொகுப்பு" என்று பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் அச்சடித்திருக்கிறது, அவ்வளவுதான். இங்கே மொரீஷியஸில், ரோஸ் ஹில் ஊரில் ஒரு சின்ன எலக்ட்ரானிக்ஸ் கடையில் ஆயிரத்து ஐந்நூறு ரூபாய்க்குக் கொஞ்சம் கீழே கிடைத்தது. அக்கா மகள் அப்பர் சிக்ஸ் (பள்ளியின் கடைசி வருஷம்), அக்டோபரில் தேர்வு ஆரம்பம். டியூஷனில் மின்தேக்கிக் கணக்கு அத்தனையும் போட்டாயிற்று, விடையும் சரியாகத்தான் வருகிறது. ஆனால் "பாதி ஆற்றல் எங்கே போச்சு மாமா, அதை மட்டும் யாரும் சொல்ல மாட்டேங்கிறாங்க" என்று கேட்டாள். ஏற்றிய ஒரு மின்தேக்கியை அதே அளவுள்ள காலி மின்தேக்கியோடு சேர்த்தால் ஆற்றலில் பாதி காணாமல் போகிறது, அதைத்தான் கேட்கிறாள். கேள்வி நியாயமானது.

உள்ளே என்ன இருக்கிறது: 1000 மைக்ரோஃபாரட் மின்தேக்கி நான்கு, 470 இரண்டு, எல்லாம் 25 வோல்ட் தாங்குகிற எலக்ட்ரோலிட்டிக் வகை, நேர்முனை எதிர்முனை பார்த்து இணைக்க வேண்டியவை (மைக்ரோஃபாரட் என்பது கொள்திறனின் அலகு, அதாவது ஒரு வோல்ட்டுக்கு எவ்வளவு மின்னூட்டம் கொள்ளும் என்பது). 1 மைக்ரோஃபாரட் ஃபிலிம் வகை ஆறு. 10 ஓம், 1 கிலோ ஓம், 10 கிலோ ஓம், 100 கிலோ ஓம் மின்தடைகள், இரண்டு சுவிட்ச், இரண்டு எல்.இ.டி., 9 வோல்ட் பேட்டரிக்கான கிளிப், கம்பி செருக ஸ்பிரிங் வைத்த ஒரு பிளாஸ்டிக் பலகை. மல்டிமீட்டர் இல்லை, அது உங்கள் செலவு. பேட்டரிக்குப் பதிலாக ஒரு அடாப்டரும் தருகிறார்கள், இரண்டு உருண்டைக் கம்பி பிளக். இங்கே வீடுகளில் மூன்று சதுரத் துளையும் இரண்டு உருண்டைத் துளையும் கலந்து கிடப்பது தெரிந்ததுதான், நான் உட்கார்ந்த மேசைப் பக்கம் இருந்தது சதுரம். அடாப்டரை மறந்துவிட்டுப் பேட்டரியிலேயே செய்தோம். அதுதான் நல்லதும்கூட, கரண்ட் கம்பி பக்கத்திலேயே வராது.

ஸ்பிரிங்குகள் கொஞ்சம் தளர்வு. கியூர்பீப் ஊரின் ஈரத்தில் துரு ஏறவும் செய்யும், பெட்டியைப் பிளாஸ்டிக் உறைக்குள் வையுங்கள். ஒரு மின்தேக்கி தலை லேசாகப் புடைத்து வந்திருந்தது. கடைக்காரர் முகம் சுளிக்காமல் மாற்றிக் கொடுத்தார், அதற்கு ஒரு நன்றி.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். முதல் சோதனை எல்லாருக்கும் தெரிந்ததே. 1000 மைக்ரோஃபாரட் ஒன்றை 9 வோல்ட்டுக்கு ஏற்றி, பேட்டரியைக் கழற்றிவிட்டு, காலியாக இருக்கிற இன்னொரு 1000-த்தோடு நேர்முனைக்கு நேர்முனை, எதிர்முனைக்கு எதிர்முனை சேர்த்தால் இரண்டிலும் 4.5 வோல்ட் நிற்கும். மின்னூட்டம் எங்கும் ஓடிப்போக வழியில்லை, முதலில் இருந்த 9 மில்லிகூலோமும் (கூலோம் மின்னூட்டத்தின் அலகு) இரண்டு பேருக்குப் பங்காகிறது, கொள்திறன் பெரியதாக இருப்பது பெரிய பங்கை எடுத்துக்கொள்ளும், இரண்டின் மின்னழுத்தமும் சமமானதும் ஓட்டம் நின்றுவிடும். இரண்டாவது 470 என்றால் 9 மில்லிகூலோமை 1470 மைக்ரோஃபாரட்டால் வகுக்க வேண்டும், 6.12 வோல்ட் வரும். சூத்திரம் என்று தனியாக மனப்பாடம் செய்ய எதுவுமே இல்லை. மொத்த மின்னூட்டத்தை மொத்தக் கொள்திறனால் வகு, கதை முடிந்தது.

புத்தகத்தில் முடிந்தது என்று சொல்ல வேண்டும். மீட்டரில் அப்படி வராது, இந்தப் பெட்டிக்குக் காசு கொடுக்கலாம் என்று எனக்குத் தோன்றியதே அந்த இடத்தில்தான். புதுப் பேட்டரி 9 காட்டாது, 9.4 காட்டியது. சேர்த்த பிறகு 4.7 வர வேண்டும், வந்தது 4.9. பிள்ளைக்கு உடனே முகம் வாடிவிட்டது, தப்பாகச் செய்துவிட்டோம் என்று. தப்பே இல்லை. எலக்ட்ரோலிட்டிக் வகையில் மேலே 1000 என்று எழுதியிருந்தாலும் 20 சதவீதம் மேலோ கீழோ இருப்பது சாதாரணம். 9.4-ஐ 4.9-ஆல் வகுத்து ஒன்றைக் கழித்தால் 0.918. அதாவது முதல் மின்தேக்கியை 1000 என்று வைத்துக்கொண்டால் இரண்டாவது 918. கொள்திறன் அளக்கிற மீட்டர் எதுவும் இல்லாமலே எது பெரிசு எது சிறிசு என்று கண்டுபிடித்தாயிற்று. நான்கையும் இப்படி ஒன்றோடொன்று சேர்த்துச் சேர்த்து வரிசைப்படுத்தி, மேலே பேனாவால் எண் போட்டு வைத்தாள். 1770-களில் ஆங்கில விஞ்ஞானி ஹென்றி கேவண்டிஷ் ஒரு பொருளின் கொள்திறனை இன்னொன்றோடு ஒப்பிட்டு அளந்துகொண்டிருந்ததும் இந்த வழியில் வருகிற வேலைதான். மனிதர் அதில் பெரும்பகுதியை வெளியிடாமலே வைத்திருந்தார், 1879-ல் இயற்பியலாளர் மாக்ஸ்வெல் பதிப்பித்த பிறகுதான் உலகத்துக்குத் தெரிந்தது.

மீட்டரைப் பற்றி ஒரு வார்த்தை. மலிவான மஞ்சள் நிற மீட்டர்களின் உள் மின்தடை பெரும்பாலும் 1 மெகா ஓம், கொஞ்சம் நல்லதில் 10 மெகா ஓம். 1000 மைக்ரோஃபாரட்டை 1 மெகா ஓம் மீட்டரில் பிடித்துக்கொண்டே இருந்தால் 10 வினாடியில் ஒரு சதவீதம் இறங்கும், பரவாயில்லை. 1 மைக்ரோஃபாரட் ஃபிலிமைப் பிடித்தால் எண்ணைப் படிப்பதற்குள் முக்கால்வாசி போய்விடும். மின்தேக்கி ஒழுகுகிறது என்று அதைத் திட்டாதீர்கள், ஒழுகுவது மீட்டர் வழியாக.

இனி அந்தப் பாதி ஆற்றல். 1000 மைக்ரோஃபாரட், 9 வோல்ட், சேமிப்பு 40.5 மில்லிஜூல். சேர்த்த பிறகு 4.5 வோல்ட்டில் ஆளுக்கு 10.125, இரண்டும் சேர்ந்து 20.25. மின்னூட்டம் ஒரு துளிகூடக் குறையவில்லை, ஆற்றல் சரிபாதி காணோம். வழிகாட்டித் தாள் இங்கே என்ன சொல்கிறது தெரியுமா? "இணைப்புகள் தளர்வாக இருப்பதால் இழப்பு ஏற்படும், கம்பிகளை இறுக்கிச் செருகவும்" என்கிறது. எனக்குக் கோபம் வந்ததே இதைப் படித்துத்தான். இறுக்கினாலும் பாதி போகும், தளர்த்தினாலும் பாதி போகும், தங்கக் கம்பி போட்டாலும் பாதி போகும். இதைத் தேர்வில் எழுதினால் அந்தக் கேள்விக்கு மதிப்பெண் கிடைக்காது.

ஆச்சரியம் என்னவென்றால், தாள் தப்பு என்று காட்டுவதற்கு வேண்டிய சாமான் அதே பெட்டிக்குள்ளேயே இருக்கிறது. அந்த 100 கிலோ ஓம் மின்தடையை நடுவில் போட்டு, இரண்டு மின்தேக்கிக்கும் ஆளுக்கொரு மீட்டர் வைத்து (இரண்டாவது மீட்டரைப் பக்கத்து வீட்டில் வாங்கினோம், 10 மெகா ஓம் வகையாக இருந்தால் நல்லது) சுவிட்சைப் போடுங்கள். ஒன்று மெதுவாக இறங்கும், இன்னொன்று மெதுவாக ஏறும். ஓட்டத்துக்கு இரண்டு மின்தேக்கியும் தொடர் இணைப்பில் இருப்பதால் கணக்கில் வருவது 500 மைக்ரோஃபாரட், காலமாறிலி (வோல்ட் வித்தியாசம் ஏறக்குறைய மூன்றில் ஒன்றாகக் குறைய ஆகும் நேரம்) 50 வினாடி, நாலு நிமிஷத்தில் இரண்டும் ஏறக்குறைய ஒரே எண்ணில் வந்து நிற்கும். 10 கிலோ ஓமில் அதே காட்சி அரை நிமிஷத்துக்குள் முடிந்துவிடும். 10 ஓமில் கண்ணுக்கே தெரியாது, 5 மில்லிவினாடி. மூன்றிலும் கடைசியில் நிற்கிற வோல்ட் ஒன்றே. வோல்ட் ஒன்று என்றால் மிச்சமிருக்கிற ஆற்றலும் ஒன்று, போனதும் ஒன்று.

கணக்காகவும் பாருங்கள், அழகாக இருக்கும். 10 ஓம் போட்டால் தொடங்குகிற கணத்தில் மின்தடையில் 8.1 வாட் வெப்பம், ஆனால் மில்லிவினாடிகளில் அடங்கிவிடுகிறது. 100 கிலோ ஓமில் தொடக்கத்தில் 0.81 மில்லிவாட்தான், ஆனால் நிமிஷக்கணக்கில் நீள்கிறது. தொடக்கத் திறனைக் காலமாறிலியின் பாதியால் பெருக்கினால் இரண்டிலும் வருவது அதே 20.25 மில்லிஜூல். மின்தடை எவ்வளவு என்பது வேகத்தைத்தான் தீர்மானிக்கிறது, இழப்பின் அளவை அல்ல. இழப்பைத் தீர்மானிப்பது இரண்டு கொள்திறனும், சேர்க்கும் முன் இரண்டுக்கும் இருந்த வோல்ட் வித்தியாசமும் மட்டுமே, அதுவும் வித்தியாசத்தின் வர்க்கம். 9 வோல்ட்டையும் 8 வோல்ட்டையும் சேர்த்தால் போவது கால் மில்லிஜூல், அவ்வளவு சொற்பம்.

இங்கே மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி இல்லாத வீடு குறைவு, அதனால் அதையே உதாரணமாகச் சொன்னேன். நிறைந்த தொட்டியையும் காலித் தொட்டியையும் அடியில் குழாய் போட்டு இணைத்தால் இரண்டிலும் பாதி மட்டம். தண்ணீர் ஒரு சொட்டும் குறையவில்லை, ஆனால் மேல் பாதியில் இருந்த தண்ணீர் எல்லாம் கீழே இறங்கிவிட்டது, அந்த இறக்கத்தின் ஆற்றல் குழாயில் உரசியும் தொட்டியில் அலம்பியும் போய்விட்டது. குழாய் ஒல்லியாக இருந்தால் நேரமாகும், தடியாக இருந்தால் சீக்கிரம் முடியும், முடிவு ஒன்றே. அவளுக்கு அதோடு புரிந்துவிட்டது, அப்புறம் ஒரு குறும்பான கேள்வி: "மின்தடையே சுத்தமாக இல்லை என்றால்?"

இந்தக் கேள்வி பழையது, இன்னும் சண்டை போடுகிறார்கள். பெட்டியில் இருக்கிற பொருளை வைத்துப் பதில் சொல்வதென்றால், மின்தடை இல்லாத நிலை என்று ஒன்று கிடையாது. கம்பிக்கு உண்டு, சுவிட்ச் முனைக்கு உண்டு, எலக்ட்ரோலிட்டிக் மின்தேக்கியின் வயிற்றுக்குள்ளேயே உண்டு, சேர்க்கும்போது சின்னப் பொறி தட்டுவதிலும் கொஞ்சம் போகும். உண்மையாகவே பூச்சியம் என்று கற்பனை செய்தால், கம்பி வளையத்துக்கு எப்படியும் ஒரு தூண்டல் (ஓட்டம் சட்டென்று மாறவிடாத குணம்) இருக்கும். மின்னூட்டம் 4.5-ல் நிற்காமல் தாண்டிப் போய், திரும்பி வந்து, இங்குமங்கும் ஊசலாடும், அந்த ஊசலாட்டம் மின்காந்த அலையாக வெளியே கொடுத்துக் கொடுத்துத்தான் ஓயும். ஓய்ந்தால் மறுபடி 4.5, மறுபடி பாதி காலி. தேர்வில் இவ்வளவு தேவையில்லை, கம்பிகளில் வெப்பமாகப் போனது என்று எழுதினால் போதும்.

பெட்டியில் ஒரு மின்தூண்டி, அதாவது கம்பிச் சுருள், இல்லாதது எனக்குப் பெரிய குறை. ஒரே ஒரு சுருளும், மின்னோட்டத்தை ஒரே திசையில் மட்டும் விடுகிற ஒரு டயோடும் சேர்த்து வைத்திருந்தால் விலை கொஞ்சம்தான் ஏறியிருக்கும், பாடமோ முழுமையாகியிருக்கும். ஏனென்றால் பாதி போவது விதி அல்ல, இப்படி நேரடியாகச் சேர்ப்பதால் வருகிற விளைவு. பழைய ஸ்பீக்கர் பெட்டியிலிருந்து கழற்றிய 10 மில்லிஹென்றி சுருள், ஏறக்குறைய 1 ஓம், அதோடு சாதாரண டயோடு ஒன்று போட்டு அதே இரண்டு மின்தேக்கியை இணைத்தோம். இரண்டாவதில் 7 வோல்ட் பக்கம் வந்து நின்றது, முதலாவதில் 2-க்கு அருகே. இரண்டாவதில் மட்டும் 24 மில்லிஜூலுக்கு மேல்! டயோடு எடுத்துக்கொள்கிற 0.7 வோல்ட்டும் சுருளின் மின்தடையும் இல்லாமல் இருந்தால் முதலாவது முழுக்கக் காலியாகி இரண்டாவது 9 வோல்ட்டையும் அப்படியே வாங்கிக்கொண்டிருக்கும். சுருள் இடையில் நின்று ஆற்றலைக் காந்தப்புலமாகக் கொஞ்ச நேரம் வைத்திருந்து தருகிறது, டயோடு அது திரும்பி ஓடாமல் கதவைச் சாத்துகிறது. செல்போன் சார்ஜருக்குள் சுருள் இருப்பதன் காரணத்தை இந்த ஒரு சோதனையிலிருந்தே பேச ஆரம்பிக்கலாம்.

பேட்டரியிலிருந்து ஏற்றும்போதும் இதே கதை நடக்கிறது, தாள் அதைத் தொடவே இல்லை. 9 மில்லிகூலோமை 9 வோல்ட்டில் தள்ளினால் பேட்டரி கொடுப்பது 81 மில்லிஜூல், மின்தேக்கியில் தங்குவது 40.5. முதலில் 4.5 வோல்ட்டில் ஏற்றி, அப்புறம் 9-ல் ஏற்றினால் இழப்பு பாதியாகிவிடும், 20.25. மூன்று 1.5 வோல்ட் செல் போட்டு 4.5 எடுத்துச் செய்து பார்க்கலாம், ஆனால் அந்தச் சேமிப்பு மீட்டரில் தெரியாது, காகிதத்தில்தான் தெரியும்.

இப்போது தாளின் இரண்டாவது குற்றம், இது கொஞ்சம் ஆபத்தும்கூட. மூன்றாம் சோதனையில், இரண்டு மின்தேக்கியையும் 9 வோல்ட்டுக்கு ஏற்றிவிட்டு முனைகளை மாற்றிச் சேர்க்கச் சொல்கிறது, ஒன்றின் நேர்முனை இன்னொன்றின் எதிர்முனையோடு. அதற்கு 1000-த்தையும் 470-ஐயும் எடு என்கிறது. கணக்கு என்னவோ நல்ல கணக்குதான்: 9 மில்லிகூலோமிலிருந்து 4.23 கழிந்து 4.77 மிஞ்சும், 1470-ஆல் வகுத்தால் 3.24 வோல்ட். ஆனால் அந்த 3.24 வோல்ட் 470-ன் மேல் தலைகீழாக விழுகிறது. எலக்ட்ரோலிட்டிக் வகைக்குத் தலைகீழ் வோல்ட் ஆகவே ஆகாது, உள்ளே இருக்கிற ஆக்சைடு படலம் கெடும், ஒழுகும், சூடாகும். இந்தச் சின்ன ஆற்றலில் வெடிக்காது என்றாலும், பேட்டரியைக் கழற்ற மறந்துவிட்டு ஒரு பிள்ளை இதைச் செய்தால் என்ன ஆகும் என்று எழுதியவர் யோசித்ததாகத் தெரியவில்லை. அந்தப் புடைத்த மின்தேக்கி வேறு எனக்கு ஞாபகம் வந்தது.

இந்தச் சோதனையை ஃபிலிம் மின்தேக்கிகளில் செய்யுங்கள், அவற்றுக்கு நேர் எதிர் கிடையாது. மூன்று மூன்றாகப் பக்க இணைப்பில் கட்டினால் 3 மைக்ரோஃபாரட் இரண்டு கிடைக்கும். இரண்டையும் 9 வோல்ட்டுக்கு ஏற்றி மாற்றிச் சேர்த்தால் மீட்டர் பூச்சியத்துக்குப் பக்கத்தில் விழும். மின்னூட்டத்துக்கு நேர், எதிர் உண்டு, கூட்டினால் அடிபட்டுப்போகும். ஆற்றலுக்கு அப்படிக் குறி இல்லை, இரண்டு பக்கமும் இருந்தது முழுக்க வெப்பமாகிவிட்டது. முதல் சோதனையில் பாதி போனதற்கே கண்ணை விரித்தவள் இங்கே நூறு சதவீதமும் போனதைப் பார்த்துச் சிரித்தாள். ஒன்றை 9-க்கும் இன்னொன்றை 4.5-க்கும் ஏற்றி மாற்றிச் சேர்த்தால் 2.25 வர வேண்டும், வந்தது. மீட்டர் 10 மெகா ஓமாக இருந்தால் 6 மைக்ரோஃபாரட் மொத்தத்துக்குக் காலமாறிலி ஒரு நிமிஷம், நிதானமாகப் படிக்கலாம். மஞ்சள் மீட்டரில் 6 வினாடிதான், வைத்தவுடன் தெரிகிற முதல் எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு விசித்திரமும் உண்டு, தாளில் இல்லை. 1000 மைக்ரோஃபாரட்டை ஏற்றி, கொஞ்ச நேரம் வைத்திருந்து, இரு முனைகளையும் கம்பியால் ஷார்ட் செய்து பூச்சியமாக்கிவிட்டு அப்படியே விட்டுவிடுங்கள். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் தானாகவே சின்ன ஒரு வோல்ட் எழுந்து நிற்கும். மின்காப்புப் பொருளுக்குள் ஊறியிருந்தது மெதுவாக வெளியே வருகிறது. அடுத்த சோதனைக்கு முன் 1 கிலோ ஓமைக் கட்டிக் கொஞ்ச நேரம் விட்டுவைத்தால்தான் "காலி மின்தேக்கி" என்பது உண்மையிலேயே காலி.

இதெல்லாம் தேர்வுக்கு மட்டும்தானா என்று அக்கா கேட்டாள், எந்த அம்மாவும் கேட்பதுதான். அவள் கையிலிருந்த போனைக் காட்டினேன். அதன் டிராம் (DRAM) நினைவகத்தில் ஒவ்வொரு பிட்டும் ஒரு குட்டி மின்தேக்கி, அமைப்புக்குக் காப்புரிமை பொறியாளர் ராபர்ட் டென்னார்டுக்கு, 1968-ல். படிக்கும்போது அந்தக் குட்டி மின்தேக்கியை அதைவிடப் பல மடங்கு பெரிய கொள்திறன் கொண்ட நீளக் கம்பியோடு சேர்க்கிறார்கள். நாம் பலகையில் செய்த அதே பங்கீடு. பெரியதோடு பங்கு போட்டதால் வோல்ட் கொஞ்சமே நகர்கிறது, அந்தக் கொஞ்சத்தை உணர்கிற பெருக்கி ஒன்று இருக்கிறது, பங்கு போட்டதில் பிட் அழிந்துவிடுவதால் உடனே திரும்ப எழுதவும் வேண்டியிருக்கிறது. அக்காவுக்கு எவ்வளவு புரிந்தது என்று தெரியாது, பெட்டி விலையைப் பற்றி அதற்குமேல் பேசவில்லை.

கடையில் இதே பெட்டியின் பெரிய வடிவம் ஒன்றும் இருக்கிறது, கூடுதல் விலை, அதில் 5.5 வோல்ட் 1 ஃபாரட் சூப்பர் மின்தேக்கி இரண்டு. பங்கீடு கற்பதற்கு அதை வாங்காதீர்கள். முதலாவது, அதே 9 வோல்ட் கிளிப்பில் பிள்ளை தவறுதலாக மாட்டினால் சூப்பர் மின்தேக்கி போய்விடும். இரண்டாவது, நாணய வடிவ 5.5 வோல்ட் வகைக்கு உள் மின்தடை அதிகம், பல ஓம், அதனால் 10 ஓம் போட்டுப் போடும் கணக்கெல்லாம் பொருந்தாது. மூன்றாவதுதான் முக்கியம்: ஏற்றி முடித்துப் பேட்டரியைக் கழற்றிய பிறகும் மின்னூட்டம் கார்பனின் நுண்துளைகளுக்குள் இன்னும் ஆழமாகப் பரவிக்கொண்டே இருக்கும், எதோடும் சேர்க்காமலே வோல்ட் இறங்கும். எந்த எண்ணை ஆரம்ப வோல்ட் என்று எழுதுவது என்றே பிள்ளைக்குத் தெரியாது. சின்னப் பெட்டியை வாங்கி, மிச்சக் காசில் 10 மில்லிஹென்றி சுருள் ஒன்றும் 10 மெகா ஓம் மீட்டர் ஒன்றும் வாங்குங்கள். சுருளைக் கேட்கும்போது தடித்த கம்பி சுற்றியது என்று சொல்லிக் கேளுங்கள், ஒல்லிக் கம்பிச் சுருளின் மின்தடையில் அந்த 7 வோல்ட் வராது.